சிவந்த இடத்தைத் தேய்க்கலாமா?

வணக்கம் தங்கச்சி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முதியோர் இல்லத்தில் சேர்ந்து 2 மாதம்தான் ஆகிறது, படுத்த படுக்கையான பாட்டியின் இடுப்பில் சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் மூத்த தாதி, படித்ததோ வேறு என்று எழுதியிருக்கிறீர்கள்.

தேய்க்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் தேய்த்தவள்தான், அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அழுத்தத்தில் ஏற்கெனவே நசுங்கிய சதை, தேய்த்தால் உள்ளே இன்னும் கெடும்.

விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. ஆனால் நம் தோட்டத்துப் பாட்டிகளின் கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள்: பக்கத்துத் தோலைவிடச் சூடா, கெட்டியா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா?

டோரீன் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் தாதி முதியோர் வார்டுகளில் ஆராய்ந்து 1962இல் வெளியிட்டதில்தான், யாருக்குப் படுக்கைப்புண் வரும் ஆபத்து இருக்கிறது என்று கணிக்கும் நார்ட்டன் அளவுகோல் வந்தது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, சிறுநீர் மலக் கட்டுப்பாடு ஆகிய 5 விஷயங்களுக்கு மொத்தம் 20 மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்து. போட்டுப் பார்க்க 2 நிமிடம்கூட ஆகாது.

மூத்தவரிடம் புத்தகத்தை நீட்டி வாதாட வேண்டாம். "அக்கா, ஒரு வாரம் தேய்க்காமல் நேரத்துக்குத் திருப்பிப் படுக்க வைத்துப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். திருப்பிய நேரத்தை எழுதி, கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். பாட்டிக்கு எந்தப் பக்கம் படுத்தால் வலி என்பது அந்த அக்காவுக்குத்தான் தெரியும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வையுங்கள். இன்றைக்கே டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.