அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார்

கேள்வி: பகுப்பாய்வுத் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கடவுள் இருந்தால் தீமை ஏன் இருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. மூன்று பல்கலைக்கழகங்களில் ஒப்பந்த வேலை பார்த்தாயிற்று. இப்போது இன்னும் ஓராண்டு ஒப்பந்தம் வந்திருக்கிறது. ஏற்பதா, துறையையே விடுவதா? போன வருடம் அப்பா இறந்ததிலிருந்து அம்மா போனில் “கடவுள் ஏன் இப்படிச் செய்தார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அது தத்துவக் கேள்வி அல்ல, உணர்ச்சிக் கேள்வி என்று விளக்கினேன். இப்போது கேட்பதில்லை. அதனால் வேலையில் கவனம் செலுத்த முடிகிறது.

பதில்: தம்பி, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் ஊர் மாறும் ஆய்வாளர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பொறுத்திருங்கள், நல்லது நடக்கும் என்று சொல்ல மாட்டேன். நடக்காமலும் போகலாம்.

“இப்போது கேட்பதில்லை” என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்களே, அதில்தான் நின்றுவிட்டேன். அம்மாவுக்குப் பதில் கிடைத்துவிட்டதா? மகனிடம் கேட்டுப் பயனில்லை என்று புரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

தத்துவக் கேள்வி வேறு, உணர்ச்சிக் கேள்வி வேறு என்று நீங்கள் சொன்ன பிரிவினை உங்கள் துறையில் பழையது. கடவுளும் தீமையும் சேர்ந்திருப்பதில் தர்க்க முரண்பாடு இல்லை என்று வாதாடிய அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளாண்டிங்கா, துயரத்தில் இருப்பவருக்குத் தன் வாதம் உதவாது, அவருக்கு வேண்டியது ஆன்மிக ஆறுதல் என்று அந்த வாதத்தை முன்வைத்த 1974ஆம் ஆண்டு நூலிலேயே எழுதினார். பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டீர்கள்.

அவரோடு ஒரே கல்லூரியில் கற்பித்த நிக்கோலஸ் வோல்டர்ஸ்டார்ஃபின் 25 வயது மகன் 1983இல் மலையேறும்போது விழுந்து இறந்தார். அந்தத் துக்கத்தைப் பற்றி அவர் 1987இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் கடவுளுக்காக வாதாடவில்லை. விளக்கம் தனக்குத் தெரியவில்லை என்றே எழுதினார். அதன் பிறகும் யேல் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தார். துக்கத்துக்கு இடம் கொடுத்ததால் அவருடைய தத்துவம் கெட்டுப்போய்விடவில்லை.

பெற்றவள் அழும்போது பக்கத்தில் உட்காருவது பிள்ளையின் கடமை. முனைவர் பட்டம் அதிலிருந்து விலக்கு அளிக்காது. உங்கள் ஆய்வுக்கே உயிரான கேள்வியை வீட்டில் ஒருவர் அழுதுகொண்டே கேட்கிறார், அதைத் தொந்தரவு என்று ஒதுக்கிவிட்டு எதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறீர்கள்?

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டுக்குப் போங்கள். போனில் வேண்டாம், நேரில். அப்பாவைப் பற்றி நீங்களே பேச்சை எடுங்கள். அம்மா மறுபடியும் அதையே கேட்டால், “எனக்கும் தெரியலம்மா” என்று சொல்லிவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், வேலையைப் பற்றிப் பேசுவோம்.