விழுவதைக் காட்டும் படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜோனா ஹில் இயக்கிய ‘மிட்90ஸ்’ படத்தை என் மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். அவனுக்கு 14 வயது. எனக்குப் படம் பிடிபடவே இல்லை. பையன்கள் கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், ஸ்கேட்போர்டு பலகையில் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், மறுபடி ஓடுகிறார்கள். கதை தொடங்கும் என்று காத்திருந்தேன், படம் முடிந்துவிட்டது. ஆனால் ஸ்கேட்டிங் தெரிந்தவர்கள் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அப்படி என்னதான் பார்க்கிறார்கள்? பார்ட்டி காட்சியில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் தவித்தோம். இப்போது அவன் போர்டு வேண்டும் என்று நச்சரிக்கிறான். வாங்கித் தரலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

அன்புடன்,
ரா., மதுரை

அன்புள்ள ரா.,

நீங்கள் அந்தப் பையன்களின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கேட்டிங் தெரிந்தவர்கள் காலைப் பார்ப்பார்கள். ஒரே படத்தை இரண்டு பேரும் வேறு வேறாகப் பார்ப்பது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

படத்தின் நாயகனான சிறுவன் ஸ்டீவி வீட்டுக்கு முன்னால் தனியாக ஓலி பழகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். போர்டைக் கையால் தொடாமல் அதோடு சேர்ந்து எழும்புவதுதான் ஓலி. 1970களின் இறுதியில் ஃப்ளோரிடாவில் ஆலன் கெல்ஃபான்ட் என்ற ஸ்கேட்டர் இதைக் குழிந்த சுவர்களில் செய்து காட்டினார். 1980களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் இதைச் சமதரைக்குக் கொண்டுவந்தார். படிக்கட்டைத் தாண்டுவதும் திட்டின்மேல் ஏறி உரசிக்கொண்டு போவதும் இதற்குப் பிறகு வந்தவை.

போர்டின் பின்முனைக்கு டெயில் என்றும் முன்முனைக்கு நோஸ் என்றும் பெயர். பின்காலின் முன்பாதம் டெயிலின் நுனியில் இருக்க வேண்டும், முன்கால் சக்கரங்களை மாட்டியிருக்கும் முன்பக்க போல்ட்டுகளுக்குச் சற்றுப் பின்னால். முழங்காலை மடக்கி, டெயிலைத் தரையில் ‘டக்’கென்று அடிக்க வேண்டும். அடிக்கிற கால் அந்தக் கணமே மேலே வந்துவிட வேண்டும், ஏனென்றால் டெயில் தரையில் பட்டு எகிறுவதில்தான் போர்டு எழும்புகிறது. முன்காலின் வெளி ஓரம், பலகைமேல் ஒட்டியிருக்கும் சொரசொரப்பான கிரிப் டேப்பை உரசியபடி நோஸ் பக்கம் போகும்போது, போர்டின் பின்பாதியும் தூக்கி வந்து பலகை காற்றில் மட்டமாகும். இறங்கும்போது இரண்டு பாதங்களும் போல்ட்டுகளின் மேல் இருக்க வேண்டும்.

எழுத ஒரு பத்தி போதும், உடம்புக்கு ஏற வாரக்கணக்கில் ஆகும், பலருக்கு மாதக்கணக்கில். டெயிலை அடித்துவிட்டுக் காலை அங்கேயே அழுத்தி வைத்திருந்தால் போர்டு தரையை விட்டு வராது. முன்காலை நோஸ் பக்கம் உரசித் தள்ளாவிட்டால் நோஸ் மட்டும் ராக்கெட்போல நிமிர்ந்து நிற்கும். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்தால் போர்டு முன்னால் பறந்துவிடும், ஆள் பின்பக்கமாக விழுவான். பலகையின் நடுவில் இறங்கினால் பலகையே முறியலாம். எல்லாம் சரியாக இருந்தும், கடைசி நொடியில் ஒரு கால் மட்டும் தானாகத் தரைக்கு இறங்கிவிடும். பழகுகிறவர்களை அதிகம் வதைப்பது இதுதான், ஏனென்றால் அது கால் செய்யும் தப்பு அல்ல, பயம் செய்வது.

இதையெல்லாம் கடந்து வந்த ஒருவருக்கு அந்தக் காட்சியில் ஒரு முழுக் கதையே இருக்கிறது. ஒரு நாளைக்கு முப்பது முறை முயன்று ஒரு முறை சரியாக இறங்குவதும், நடுவில் நண்பர்களோடு திட்டில் உட்கார்ந்து வாயடிப்பதும்தான் ஸ்கேட்டிங். ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று உங்களுக்குத் தோன்றியது அந்த வாழ்க்கையின் உண்மையான வேகம். அதை மாற்றாமல் விட்டதற்காகத்தான் கொண்டாடுகிறார்கள்.

அடுத்தது நடிகர்கள். நா-கெல் ஸ்மித், ஓலன் பிரெனட், ரைடர் மெக்லாஃப்லின் எல்லோரும் ஸ்கேட்டர்கள், நடிப்பு பிறகு வந்தது. பல ஸ்கேட்டிங் படங்களில் நடிகரின் முகம் ஒரு ஷாட், டூப்பின் கால் அடுத்த ஷாட் என்று வெட்டியிருப்பார்கள். தெரிந்தவர்களுக்கு அங்கேயே படம் கசந்துவிடும். ஸ்டீவியாக வரும் சன்னி சுல்ஜிக்கும் படத்துக்கு முன்பே நன்றாக ஓட்டத் தெரிந்தவர். அவருடைய வேலை தெரியாதவனாக நடிப்பது. பழகிய கால் போர்டைப் பார்க்காமலே அதன்மேல் ஏறும், நிற்கும்போது டெயிலைத் தட்டி போர்டைக் கைக்கு வரவழைக்கும். அந்த வழக்கத்தையெல்லாம் மறைத்து, தோளை இறுக்கி, கையைத் தேவையில்லாமல் வீசி ஓட்டுவது பெரிய வேலை. படத்தின் மிகச் சிறந்த நடிப்பு அது என்றே சொல்வேன்.

படம் சூப்பர் 16 ஃபிலிமில், பழைய டிவிபோல 4:3 சட்டகத்தில் எடுக்கப்பட்டது. 85 நிமிடம்தான். அந்தக் கால ஸ்கேட் வீடியோக்கள் எல்லாம் 4:3. அவற்றை எடுக்கப் பயன்பட்ட, 1995இல் வந்த சோனி விஎக்ஸ்1000 கேமராவின் மேற்பக்கம் ஒரு கைப்பிடி உண்டு. எடுப்பவர் தானும் ஒரு போர்டில் ஏறி, கேமராவைத் தரையோடு தொங்கவிட்டபடி கூடவே வருவார். மிக அகலமாகக் காட்டும் ஃபிஷ்ஐ லென்ஸ் போட்டால் கைக்கெட்டும் தூரத்திலிருந்தே முழு ஆளும் சட்டகத்துக்குள் வந்துவிடுவார், நாலு படிக்கட்டு எட்டுபோலத் தெரியும். ஸ்கேட் வீடியோக்களில் எழுதாத விதி ஒன்று உண்டு: ஓடி வருவது, எழும்புவது, இறங்கி உருண்டு போவது மூன்றும் ஒரே ஷாட்டில் இருக்க வேண்டும். நடுவில் வெட்டினால் யாரும் நம்பமாட்டார்கள். படத்தின் கடைசியில், எப்போதும் கேமராவோடு திரியும் ஃபோர்த் கிரேட் என்ற பையன் தன் கேமராவில் எடுத்ததைப் போட்டுக் காட்டுகிறான் அல்லவா, அங்கே பலருக்குக் கண் கலங்குவது இதனால்தான். அத்தனை நாளும் அவன் கையில் கேமரா ஏன் இருந்தது என்பதற்கு அங்கே பதில் கிடைக்கிறது.

ஸ்டீவிக்கு அவனுடைய மூத்த நண்பன் ரே புது போர்டு தயார் செய்து கொடுக்கும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். கிரிப் டேப் என்பது ஒரு பக்கம் பசையும் ஒரு பக்கம் உப்புத்தாள்போலச் சொரசொரப்பும் உள்ள தாள். பொதுவாக 9 அங்குல அகலம், 33 அங்குல நீளம். அதை நடுவில் முதலில் ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு முனைக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். முனையிலிருந்து தொடங்கினால் உள்ளே காற்று மாட்டிக் குமிழ் வரும். பிறகு அரத்தையோ ஸ்க்ரூ டிரைவரின் தண்டையோ வைத்து விளிம்பு முழுக்கத் தேய்த்தால் வெள்ளைக் கோடு தெரியும். பிளேடைச் சாய்த்து, அந்தக் கோட்டிலேயே கீழ்ப்பக்கமிருந்து அறுத்தால் தாள் சுத்தமாக வரும். தேய்க்காமல் அறுத்தால் விளிம்பு பிசிறடித்து, சில நாளில் உரிந்துவிடும். அடியிலிருந்து எட்டு துளைகளையும் குத்தி, போல்ட்டுப் போட்டு, சக்கரங்களைத் தாங்கும் டிரக்கை மாட்ட வேண்டும். பெரியவன் ஒருவன் சின்னவனுக்காக இத்தனையும் பொறுமையாகச் செய்து தருகிறான். அந்தக் கூட்டத்தில் இதைவிடப் பெரிய அன்பு கிடையாது, வசனம் தேவைப்படாததும் அதனால்தான்.

இனி உங்கள் சங்கடத்துக்கு வருகிறேன். அது நியாயமானது. அமெரிக்காவில் படத்துக்கு ‘ஆர்’ சான்றிதழ், அதாவது 17 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் பெரியவர் ஒருவரோடுதான் பார்க்கலாம். கெட்ட வார்த்தை, பாலியல், போதை, மனதை உறுத்தும் காட்சிகள் எனக் காரணங்களைச் சொல்லி, எல்லாமே சிறுவர்கள் சம்பந்தப்பட்டவை என்று சான்றிதழிலேயே குறிப்பிட்டிருந்தார்கள். அந்த விருந்தில் 13 வயது ஸ்டீவியோடு அவனைவிட மூத்த பெண் நடந்துகொள்வதைப் படம் அவனுக்குக் கிடைத்த வெற்றிபோலக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அவன் தன்னையே காயப்படுத்திக்கொள்வதையும், அண்ணன் அடிப்பதையும் காட்டுகிறது, ஆனால் அவற்றோடு போதிய நேரம் நிற்பதில்லை. கார் விபத்தில் கொண்டுபோய் முடித்ததும் அவசரம்தான். நேரம் போகட்டும் என்று விடாமல், அந்தக் காட்சி சரியில்லை என்று மகனிடம் நேராகவே சொல்லுங்கள். அடுத்து இருவரும் பார்க்க, பிங் லியூ இயக்கிய ‘மைண்டிங் த கேப்’ ஆவணப்படத்தைச் சொல்வேன். ‘மிட்90ஸ்’ போலவே அதுவும் 2018இல் வந்தது. இலினாய் மாநில ராக்ஃபோர்டில் ஸ்கேட் செய்து வளர்ந்த நண்பர்களைப் பற்றியது. வீட்டில் நடக்கும் அடிதடியைப் பற்றி அந்த நண்பர்களையே பேச வைக்கிறது. ‘மிட்90ஸ்’ தொட்டுவிட்டு நகர்ந்ததை அது உட்கார்ந்து கேட்கிறது. கனமான படம், நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள்.

போர்டு தாராளமாக வாங்கித் தாருங்கள். பொம்மைக் கடை போர்டு மட்டும் வேண்டாம். அதில் டிரக் பிளாஸ்டிக்காக இருக்கும், ஒரு பக்கம் சாய்ந்தாலும் திரும்பாது, பழகுகிறவன் தன்மேல்தான் தப்பு என்று நினைத்து விட்டுவிடுவான். ஏழு அடுக்கு மேப்பிள் பலகை, 8 அங்குலத்தை ஒட்டிய அகலம், உலோக டிரக் என்று கேளுங்கள். பலகைமேல் ஏறி நின்று பக்கவாட்டில் சாய்ந்தால் டிரக் திரும்ப வேண்டும். இறுக்கமாக இருந்தால் நடு நட்டைக் கொஞ்சம் தளர்த்தலாம், ஆனால் ரப்பர் புஷ் ஆடுகிற அளவுக்கு வேண்டாம், வேகத்தில் போர்டு உதறும். வீலில் இரண்டு எண் பாருங்கள்: ஒன்று விட்டம், இன்னொன்று கடினம். 52 மி.மீ., 99ஏ என்பது கடினமானது, வழவழப்பான தரைக்கு. நம் தெருவுக்கு 54 முதல் 60 மி.மீ. வரை, 78ஏ முதல் 87ஏ வரை உள்ள மென்மையான வீல்தான் ஓடும். மழைத் தண்ணீரில் ஓட்டினால் பேரிங் துருப்பிடித்துவிடும்.

ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் அதே நாளில் வாங்கிவிடுங்கள். விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுகிறார்கள், அடிக்கடி அடிபடுவதும் மணிக்கட்டில்தான். தடித்த மெத்தை வைத்த ஓட்டப்பந்தய ஷூ வேண்டாம், அடி தட்டையாக இருக்கும் ஷூ போதும். முதல் சில வாரம் தள்ளுவது, திரும்புவது, காலைத் தரையில் உரசி நிறுத்துவது மட்டும் பழகட்டும். முன்காலை போர்டில் வைத்துப் பின்காலால் தள்ள வேண்டும். மாற்றிப் பழகினால் பிறகு திருத்துவது சிரமம். அவன் ஓலிக்குத்தான் அவசரப்படுவான். ஓடுகிற போர்டிலிருந்து தடுமாறாமல் இறங்கத் தெரிந்த பிறகு தொடங்கட்டும்.

ஓட்டும் இடத்தைத் தினமும் முதலில் துடைப்பத்தால் பெருக்கச் சொல்லுங்கள். சுண்டல் அளவு ஜல்லி ஒன்று வீலுக்கு முன்னால் மாட்டினால் போர்டு அங்கேயே நின்றுவிடும், அவன் நிற்கமாட்டான்.

அன்புடன்,
ஆசிரியர்