வாசகர் கேள்வி - பதில்: 500 சிசி காலம்

கே: இப்ப பைக் எல்லாம் இன்னும் வேகமா போகுதே, அப்புறம் ஏன் பழைய 500 சிசி பைக் உலக சாம்பியன்ஷிப் ரேஸைத்தான் பொற்காலம்னு சொல்றீங்க?

ப: வேகம் மட்டுமா ரேஸ்? அந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல பவர் மெதுவா ஏறாது, இன்ஜின் சுழற்சி வேகம் (ஆர்பிஎம்) ஒரு அளவைத் தாண்டினதும் மொத்தமா வந்து அடிக்கும், தடுக்க எலக்ட்ரானிக்ஸும் பெருசா கிடையாது, எல்லாம் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) முறுக்குற வலது மணிக்கட்டுதான். வளைவுல பின்சக்கரம் வழுக்குதேன்னு பயந்து த்ராட்டிலை சட்டுனு மூடினா டயர் திடீர்னு பிடிச்சு ஆளையே மேல தூக்கி வீசிடும். அதைத்தான் ஹைசைடுன்னு சொல்வாங்க. கென்னி ராபர்ட்ஸ், ஸ்பென்சர், லாசன்னு அந்தக் கால சாம்பியன்கள் எல்லாரும் இதோடதான் மல்லுக்கட்டினாங்க. 1991ல ஜெர்மனியோட ஹாக்கன்ஹைம் ரேஸ் கடைசி லேப்ல (சுற்றுல) பைக் ஆடு ஆடுன்னு ஆட, கெவின் ஷ்வான்ட்ஸ் லேட்டா பிரேக் பிடிச்சு போட்டியாளர் வெய்ன் ரெய்னியைத் தாண்டினாரே, இன்னைக்கும் பார்த்தா புல்லரிக்கும்!

கே: உங்களை ரொம்ப பாதிச்ச ரைடர்?

ப: வெய்ன் ரெய்னிதாங்க. 1990, 91, 92னு வரிசையா மூணு உலக சாம்பியன் பட்டம், 1993லயும் முன்னிலை, இத்தாலியோட மிசானோ ரேஸ்ல முதல் இடத்துல போயிட்டிருக்கும்போது விழுந்து முதுகெலும்பு அடிபட்டு நெஞ்சுக்குக் கீழ செயலிழந்துடுச்சு. அந்த வருஷப் பட்டம் ஷ்வான்ட்ஸுக்கு. ஆனா 2022ல இங்கிலாந்துல குட்வுட் மோட்டார் விழாவுல, கையாலயே எல்லாத்தையும் இயக்குற மாதிரி மாத்தின தன்னோட பழைய யமஹாவை ரெய்னி மறுபடி ஓட்டினார். ஆஸ்திரேலிய ரைடர் மிக் டூஹனும் அப்படித்தான், 1992ல நெதர்லாந்தோட அசென் டிராக்ல விழுந்து கால் நாசமாகி, கைக் கட்டைவிரலால பின் பிரேக் பிடிச்சு ஓட்டி, 1994ல இருந்து தொடர்ந்து அஞ்சு பட்டம் ஜெயிச்சார்.