துளிர்த்த பிறகும் குச்சி பட்டுப்போவது ஏன்?

கேள்வி: ரோஜாக் குச்சி நட்டால் பத்து நாளில் துளிர்க்கிறது. மூன்றாவது வாரம் கருகிவிடுகிறது. தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன். எங்கே தவறு?

பதில்: துளிர் வந்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை. முதல் இலைகளை விடுவதற்குக் குச்சிக்குள் இருக்கும் மாவுச்சத்தே போதும். அது தீர்வதற்குள் வேர் இறங்காவிட்டால் குச்சி பட்டுவிடும்.

அடுத்த முறை கருகியதை எறியாமல் பிடுங்கி அடிநுனியைப் பாருங்கள். கறுத்துக் கொழகொழவென்று இருந்தால் அழுகல். தண்ணீர் அதிகம், மண்ணில் காற்றோட்டம் இல்லை. சுருங்கிக் காய்ந்திருந்தால் ஈரம் போதவில்லை. வெண்மையாகப் புடைத்திருந்தால் காயம் ஆறிவருகிறது. மறுபடி நட்டுவிடுங்கள், வேர் வர வாய்ப்புண்டு.

பூத்து முடிந்த, பென்சில் பருமனுள்ள கிளையில் 15 முதல் 20 செ.மீ. வெட்டுங்கள். நான்கு கணுவாவது வேண்டும். அடிவெட்டு கணுவை ஒட்டிக் கீழே சாய்வாக, மேல்வெட்டு கணுவுக்கு 1 செ.மீ. மேலே நேராக இருக்கட்டும். எது தலை, எது அடி என்ற குழப்பமும் வராது. தலைகீழாக நட்ட குச்சி தேறுவது கடினம். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு புதையும்படி நடுங்கள். மணலும் தென்னை நார்த்தூளும் சமபங்கு போதும். எரு வேண்டாம், வேரில்லாத குச்சிக்கு அதனால் அழுகல்தான் மிச்சம். வேர் ஊக்கிப் பொடியில் நுனியைத் தொட்டு, அதிகப்படியைத் தட்டி உதிர்த்துவிடுங்கள். அப்பிக்கொண்டால் நுனி கருகும்.

அடியில் காற்று, மேலே ஈரப்பதம் என்பதே கணக்கு. அதனால் தண்ணீரைக் குறைத்து, குச்சியை பாலிதீன் பையால் மூடி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மெல்ல இழுத்தால் பிடிமானம் தெரியும். அதுவரை ஆட்டிப் பார்க்கவே கூடாது, இளவேர் முறிந்துவிடும்.

கேள்வி: எலுமிச்சையில் விண்பதியம் (கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர்விட வைப்பது) கட்டி இரண்டு மாதம் ஆயிற்று. பிரித்தால் பட்டை மறுபடி மூடியிருக்கிறது, வேரைக் காணோம்.

பதில்: பட்டையை உரித்தீர்கள், அடியிலிருந்த வழுவழுப்பான படலத்தைச் சுரண்டவில்லை. அதுதான் கேம்பியம், அது மிஞ்சினால் புதுப்பட்டை வளர்ந்து இரு ஓரங்களையும் இணைத்துவிடும். இலையிலிருந்து பட்டை வழியாக இறங்கும் சர்க்கரையும், வேரைத் தூண்டும் ஹார்மோனான ஆக்சினும் தடைபட்டு மேல் ஓரத்தில் தேங்கினால்தான் அங்கே வேர் கிளம்பும். 2.5 செ.மீ. அகலத்துக்கு வளையமாக உரித்து, கத்தி முதுகால் வழுவழுப்பு போகும்வரை சுரண்டுங்கள். ஊக்கியை மேல் ஓரத்தில் மட்டும் தடவுங்கள். நனைத்த நார்த்தூளைச் சொட்டாத அளவுக்குப் பிழிந்து வைத்து, பாலிதீனால் இறுக்கிக் கட்டுங்கள்.

கேள்வி: மஞ்சள் ஓரமுள்ள ஸ்னேக் பிளான்ட்டின் இலைத்துண்டை நட்டேன். வந்த கன்று முழுப் பச்சையாக இருக்கிறதே?

பதில்: அந்த இலையில் மரபளவில் வேறுபட்ட இருவகைத் திசுக்கள் இருக்கின்றன. புதுக்குருத்து பச்சைத் திசுவிலிருந்து கிளம்புவதால் மஞ்சள் ஓரம் வராது. மஞ்சள் ஓரம் வேண்டுமானால், தாய்ச்செடியின் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குத்தண்டைக் கன்றோடு வெட்டிப் பிரித்து நடுங்கள்.