ரத்தத்திலா, நோட்டிலா?

(இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், திருச்சியில் 27 ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தரும் பயிற்சியாளர்.)

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. இரண்டு வருடமாகச் செஸ் வகுப்புக்குப் போகிறான். ஆறு மாதம் முன்பு சேர்ந்த எதிர்வீட்டுப் பையன் இவனைத் தொடர்ந்து ஜெயிக்கிறான். ‘இதெல்லாம் ரத்தத்திலேயே இருக்கணும்’ என்கிறார் என் மாமியார். நிறுத்திவிடலாமா சார்?
– வாசகி, கரூர்

பதில்: உங்கள் மாமியார் சொன்னது பாதி சரி. கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே பாடம் ஒரு பிள்ளைக்குச் சட்டென்று ஏறும், இன்னொரு பிள்ளைக்கு ஏறவே ஏறாது, தினமும் பார்க்கிறேன். அர்ஜென்டினாவில் செஸ் ஆட்டக்காரர்கள் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தார்கள் என்று கணக்கெடுத்து 2007இல் வெளியிட்டார்கள். மாஸ்டர் நிலையைத் தொட ஒருவருக்கு ஏறத்தாழ 3,000 மணி நேரம் போதுமாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கு மேல் ஆனது. பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் கில்லாடி ஆகலாம் என்று மேடையில் பேசுகிறார்களே, அது பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்து எடுத்த ஒரு சராசரி. அங்கேயும் சிறந்த மாணவர்களில் பாதிப் பேர் 20 வயதுக்குள் அதைத் தொட்டிருக்கவில்லை.

இப்போது மறுபாதி. உங்கள் மகன் தோற்ற ஆட்டங்களை நோட்டில் எழுதிவைக்கிறானா? ‘இரண்டு வருடமாகக் கற்கிறான்’ என்று பெற்றோர் சொன்னால், பெரும்பாலும் வாரம் ஒரு நாள் வகுப்பு, மீதி ஆறு நாளும் செல்போனில் மூன்று நிமிட ஆட்டம் என்று அர்த்தம். அதற்குப் பெயர் பயிற்சி இல்லை, கை அரிப்பு.

சில வருடம் முன்பு அண்ணன் தம்பி இருவர் என்னிடம் வந்தார்கள். அண்ணன் படுசுட்டி. குதிரையை எந்தக் கட்டத்தில் வைத்தால் ராஜாவையும் ராணியையும் சேர்த்துத் தாக்கும் என்று கேட்டு முடிப்பதற்குள் விரல் அங்கே இருக்கும். தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தோற்றபின் ‘எங்கே தப்பு?’ என்று கேட்பேன். அண்ணன் கடைசி நகர்த்தலைக் காட்டுவான். தம்பி நோட்டைப் புரட்டி, ‘பதினாலாவதிலேயே போச்சு சார், மந்திரியை மாத்தியிருக்கக் கூடாது’ என்பான். மூன்றாம் வருடம் தம்பி அண்ணனை ஜெயித்தான். அண்ணன் மறுவாரமே கேரம் பக்கம் போய்விட்டான். அதில் நன்றாகவே ஆடுகிறான் என்று கேள்வி.

அதனால் இப்போதைக்கு நிறுத்தாதீர்கள். போனை வாங்கி வைத்துவிட்டு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். வாரத்துக்கு இரண்டு தோல்வியை அதில் எழுதினால் போதும். எதிர்வீட்டுப் பையனையும் கூப்பிட்டு உட்காரவைத்தால் இன்னும் நல்லது. ஆறு மாதம் கழித்தும் பலகை முன் உட்கார அவனுக்குப் பிடிக்கவில்லையா, அப்போது நிறுத்துங்கள். மாமியாரிடம் காரணமெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஹங்கேரியில் ஓர் அப்பா மூன்று மகள்களையும் செஸ் மேதைகளாக்கிக் காட்டினாரே, அப்படியானால் பிறவித் திறமை என்ற பேச்சே பொய்தானே?
– அறிவியல் ஆசிரியர், விருதுநகர்

பதில்: லாஸ்லோ போல்காரைச் சொல்கிறீர்கள். மேதைகள் பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறார்கள் என்பது அவர் கட்சி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் புடாபெஸ்டில் வீட்டிலேயே பயிற்றுவித்தார். மூத்தவர் சூசன் கிராண்ட்மாஸ்டர் ஆனார், உலக மகளிர் பட்டமும் வென்றார். கடைக்குட்டி யூடித் 1991இல் 15 வயது 4 மாதத்தில் கிராண்ட்மாஸ்டராகி, பாபி ஃபிஷர் 1958இல் வைத்த சாதனையை முறியடித்தார். நடுப்பெண் சோஃபியா 1989இல் ரோம் நகரில் ஒரு போட்டியில் 9 ஆட்டத்தில் 8½ புள்ளி எடுத்து எல்லோரையும் திகைக்கவைத்தவர், ஆனாலும் கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே, இன்டர்நேஷனல் மாஸ்டரோடு நின்றார். ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே முறை!

அறிவியல் ஆசிரியர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒரே பெற்றோரின் பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனையில் ரத்தத்தையும் பயிற்சியையும் எப்படிப் பிரிப்பது? வேறு நாட்டுச் சிறுவர் மூவரைத் தத்தெடுத்து அதே முறையில் வளர்க்கும் யோசனை ஒன்று வந்தது, செலவுக்கு ஆளும் இருந்தார். லாஸ்லோவுக்கு ஆசைதான். மனைவி கிளாரா தடுத்துவிட்டார். சோதனை நடந்திருந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்திருக்கும். ஆனால் நான் கிளாரா பக்கம்.

கேள்வி: செஸ் ஆடினால் ஞாபகசக்தி கூடும், பொதுத்தேர்வுக்கு உதவும் என்கிறார்கள். உண்மையா?
– பிளஸ் டூ மாணவர், தேனி

பதில்: வகுப்புக்கு ஆள் சேர்க்க நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம்! 1973இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். நிஜ ஆட்டத்தின் நடுக்கட்டத்தை ஐந்து விநாடி காட்டி மூடிவிட்டால், மாஸ்டர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கினார், புதியவர் நாலைந்தோடு திணறினார். காய்களைக் கன்னாபின்னாவென்று இறைத்துக் காட்டியபோது மாஸ்டரும் புதியவர் கதிதான். என் வகுப்பிலும் செய்து பார்த்திருக்கிறேன், அப்படியே நடந்தது.

அதே அமெரிக்காவில் இன்னொரு சோதனை. அதில் ஒரு கல்லூரி மாணவர், ஓட்டப்பந்தய வீரர். இருநூறு மணி நேரத்துக்கு மேல் பழகி, ஒருமுறை கேட்ட இலக்கங்களில் 7ஐ மட்டும் திரும்பச் சொன்னவர் ஏறத்தாழ 80 வரை போனார். எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றிப் பிடித்துக்கொண்டதுதான் சூட்சுமம். எழுத்துகளைக் கொடுத்தபோது மறுபடி ஆறுதான் வந்தது. ஆகவே தம்பி, வேதியியலுக்கு வேதியியலைத்தான் படிக்க வேண்டும்.

கேள்வி: நீங்கள் ஏன் கிராண்ட்மாஸ்டர் ஆகவில்லை?
– வாசகர், சேலம்

பதில்: யாராவது கேட்பார்கள் என்று தெரியும். நான் காய் பிடித்ததே 17 வயதில், பாலிடெக்னிக் ஹாஸ்டலில். குகேஷ் 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர், 18 வயதில் உலக சாம்பியன். மருத்துவரான அவர் அப்பா, மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலையே நிறுத்திவைத்தார். என் அப்பா போர்டைத் தூக்கிப் பரணில் போட்டார். ஆனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு, எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்தபின் வரும் கடைசிக் கட்டம், பழக வேண்டும் என்று காலை ஐந்துக்கு அலாரம் வைத்ததும் நான்தான், அணைத்துவிட்டுத் தூங்கியதும் நான்தான். யானையும் சிப்பாயும் மிஞ்சும் எண்ட்கேம் இன்றும் எனக்குத் தகராறு. போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் படிக்கும் பதினோரு வயதுப் பெண் அதில் என்னை ஜெயித்துவிட்டு, ‘சார், நோட்டுல எழுதிக்கோங்க’ என்றாள்.