இல்லத்தில் குழந்தையைப் பார்க்கப் போகும்போது: வாசகர் கேள்வி – பதில்

வேறு நாட்டிலிருந்து குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருக்கும் வாசகர்களின் கேள்விகளில், குழந்தைகள் இல்லத்துக்குப் போய்க் குழந்தையைச் சந்திப்பது பற்றியவை மட்டும் இந்த இதழில். பதில் சொல்பவர்கள் தத்தெடுப்பு ஆலோசகர் ஒருவரும் குழந்தைநல மருத்துவர் ஒருவரும்.

கேள்வி: விண்ணப்பம் இப்போதுதான் கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் வேறு வேலையாக அந்த நாட்டுக்குப் போகிறோம். அப்படியே ஓர் இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரலாமா?

போகாதீர்கள். நாடு விட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவு இதைத்தான் தடுக்கிறது. இந்தக் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம், உரியவர்களின் சம்மதம் முறைப்படி வாங்கியாகிவிட்டது என்று அதன் நாடும், நீங்கள் தகுதியானவர்கள் என்று உங்கள் நாடும் உறுதி செய்யும் வரை, குழந்தையின் பெற்றோரையோ அதை வளர்ப்பவர்களையோ நீங்கள் அணுகக் கூடாது. உறவுக்குள் நடக்கும் தத்துக்கும், அந்த நாட்டு அதிகாரிகள் வைத்த நிபந்தனைப்படி நடக்கும் சந்திப்புக்கும் மட்டும் விலக்கு.

காரணம் எளியது. இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் பெற்றோரை இழந்தவர்கள் அல்லர். வறுமையாலோ நோயாலோ கொண்டுவந்து விட்ட தாய் எங்கோ உயிரோடு இருப்பார், திரும்பியும் வருவார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒரு பிள்ளையைக் கைகாட்டிவிட்டால், அந்தத் தாயின் சம்மதத்தை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று யாருக்காவது தோன்றும். முதலில் வீட்டு ஆய்வு அறிக்கை (உங்கள் குடும்பத்தை நேரில் பார்த்து எழுதுவது), பிறகு தகுதிச் சான்று, குழந்தையைப் பற்றிய அறிக்கை, உங்கள் சம்மதம், இரு நாட்டு அதிகாரிகளின் ஒப்புதல். இந்த வரிசையில் சந்திப்பு எங்கே வரும் என்பதை அந்த நாட்டுச் சட்டம் சொல்லும். நீங்களாக முன்னால் இழுத்தால் கோப்பே ரத்தாகலாம்.

கேள்வி: எத்தனை நாள் போய்வர வேண்டியிருக்கும்?

நாட்டுக்கு நாடு வேறு. பல்கேரியாவில் இரண்டு பயணம். முதல் பயணத்தில் குறைந்தது ஐந்து நாள் குழந்தையோடு நேரில் பழக வேண்டும், நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் கூட்டிவர இரண்டாவது பயணம். ஹெய்ட்டியின் 2013 சட்டம் இரண்டு வாரப் பழகும் காலத்தைக் கேட்கிறது. சீனாவில் பழகும் காலமே இருந்ததில்லை. பெரும்பாலும் அரசு அலுவலகத்தில் வைத்துக் குழந்தையைக் கையில் கொடுத்துவந்தார்கள். அந்தச் சீனாவே 2024-இல் வெளிநாட்டுத் தத்தை நிறுத்தியது, எத்தியோப்பியா 2018-இல். ஆகவே தேதி மாற்றக்கூடிய பயணச்சீட்டாக வாங்குங்கள். ஒரு வாரம் கூடுதலாக விடுப்பும் கையிருப்பும் இருக்கட்டும்.

கேள்வி: முதல் நாள் எப்படி நடந்துகொள்வது? பிள்ளைக்கு ஒன்றரை வயது. பார்த்ததும் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று என் கணவர் துடிக்கிறார்.

குழந்தையே கை நீட்டும்வரை தூக்க வேண்டாம். உள்ளே போனதும் தரையில் உட்காருங்கள், கை எட்டாத தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் திரும்பி. நேருக்கு நேர் உற்றுப் பார்க்கும் புது முகம் இந்த வயதில் பயமுறுத்தும். முதலில் ஆயாவிடம் பேசுங்கள். அவர் உங்களோடு சிரித்துப் பேசுவதைக் குழந்தை பார்க்கட்டும். அதற்கு அந்த ஒரு சான்று போதும்.

கொண்டுபோக வேண்டியது கொஞ்சம்தான். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பிளாஸ்டிக் கிண்ணங்கள் ஐந்தாறு, துணிப்பந்து ஒன்று, சோப்புக் குமிழி ஊதும் டப்பா ஒன்று. எங்கள் ஓட்டு குமிழிக்குத்தான். மொழி வேண்டாம், தொட வேண்டாம், இன்னொன்று வேண்டுமானால் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பேட்டரி போட்டுப் பாடும் பொம்மை இதற்கு நேர் எதிர். பிள்ளை பொம்மையையே பார்த்துக்கொண்டிருக்கும், நீங்கள் வேடிக்கை பார்ப்பீர்கள்.

முதல் சந்திப்பு 30 முதல் 45 நிமிடம் போதும். தினமும் ஒரே நேரத்தில் போங்கள், தூக்க நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் விட்டு. சென்ட் வேண்டாம், ஒரே சோப்பைப் பயன்படுத்துங்கள், உங்கள் வாசனை அதற்குப் பழகட்டும். பலர் சறுக்குவது இரண்டாம் நாள். முதல் நாள் நன்றாகப் போனதே என்று மூன்று மணி நேரம் இருந்துவிடுவார்கள். களைத்த பிள்ளை அழுது ஓயும்போது கிளம்ப நேர்கிறது, மறுநாள் உங்களைக் கண்டதும் அந்த அழுகைதான் அதற்கு நினைவு வரும். பிள்ளை இன்னும் விளையாடும் மனநிலையில் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

கணவர் ஒன்றுக்குத் தயாராக இருக்கட்டும். இல்லங்களில் குழந்தைகளைக் கவனிப்பவர்கள் அநேகமாகப் பெண்கள்தாம். தாடி, மூக்குக்கண்ணாடி, கனத்த குரல் எல்லாம் புதுசு என்பதால் சில பிள்ளைகள் அலறும். அவரைப் பிடிக்கவில்லை என்று பொருளில்லை. அவர் இன்னும் தள்ளி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, குமிழி ஊதும் வேலையை எடுத்துக்கொள்ளட்டும்.

கிளம்பும்போது கண்ணை மறைத்து நழுவாதீர்கள். தினமும் ஒரே சொல், ஒரே கையசைப்பு. பிறகு ஆயா கையில் பிள்ளையை விட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: இல்லத்தில் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? நிர்வாகியிடமா, ஆயாவிடமா?

கோப்பில் இருப்பதை நிர்வாகியிடமும், கோப்பில் இல்லாததை ஆயாவிடமும். இரண்டாவதுதான் வீட்டுக்கு வந்தபின் அன்றாடம் உதவும். நிர்வாகியின் அனுமதியோடு, ஆயாவுக்கு வேலை குறைந்த நேரத்தில், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கேளுங்கள்.

பாலில் தொடங்குங்கள். என்ன பால் பவுடர், தண்ணீருக்கு எத்தனை கரண்டி, சர்க்கரையோ மாவோ சேர்க்கிறார்களா, எவ்வளவு சூடு. புட்டியின் ரப்பரை வாங்கிப் பாருங்கள். ஒருவரே பத்துப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் இடத்தில் சீக்கிரம் முடியட்டும் என்று ஓட்டையைப் பெரிதாக்கியிருப்பார்கள். நீங்கள் வாங்கிப் போன புது ரப்பரில் பால் சொட்டுச் சொட்டாக வரும், பிள்ளை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் துப்பிவிடும். பசியில்லை போல என்று பெற்றோர் நினைத்துக்கொள்வார்கள். அந்த ரப்பரில் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மெல்ல மெல்லச் சின்ன ஓட்டைக்கு மாற்றுங்கள்.

அடுத்து தூக்கம். குப்புறவா மல்லாந்தா, விளக்கு எரியுமா, பக்கத்துக் கட்டிலில் யார். இருபது பிள்ளைகள் மூச்சு விடும் அறையில் தூங்கிப் பழகியதற்குத் தனியறையின் அமைதி தூக்கத்தைக் கெடுக்கும். தண்ணீர், பால், வலி, கழிப்பறை, போதும், வா – இந்த ஆறு சொற்களை ஆயாவின் வாயாலேயே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். தாலாட்டு இருந்தால் அதையும். கூப்பிடும் பெயரைக் கேளுங்கள், சான்றிதழில் உள்ள பெயரும் அதுவும் பெரும்பாலும் ஒன்றல்ல.

நிர்வாகியிடம் கேட்க வேண்டியவை: பிறந்த எடை, தேதி வாரியாக எடை, உயரம், தலைச் சுற்றளவு, தடுப்பூசி அட்டை, இதுவரை எத்தனை இடம் மாறியது, உடன்பிறந்தவர் உண்டா, கண்டெடுத்த குழந்தை என்றால் எந்த இடம், எந்தத் தேதி, என்ன துணி, சீட்டு ஏதும் இருந்ததா. 'எதற்கு இதெல்லாம்' என்று தோன்றலாம். பதினைந்து வயதில் பிள்ளை கேட்கும், அப்போது அந்த இல்லம் இருக்குமா என்பதே சந்தேகம். பூர்வீகத் தகவலைக் காத்து வைக்க வேண்டும் என்று ஹேக் உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவும் சொல்கிறது. ஆனால் அதிகாரிகளின் அலமாரியை மட்டும் நம்பியிராதீர்கள்.

கேள்வி: எங்கள் மருத்துவர் வீடியோவும் அளவுகளும் கேட்கிறார். எதை எடுப்பது?

தலைச் சுற்றளவை நீங்களே எடுங்கள். இழுபடாத நாடாவைப் புருவத்துக்கும் காதுக்கும் மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை அதிகமாகத் துருத்தும் இடத்தைச் சுற்றி, மூன்று முறை அளந்து, பெரிய எண்ணை எழுதுங்கள். துணி நாடா தொய்ந்து தப்புக் காட்டும். ஒரே ஓர் அளவை வைத்து மருத்துவரால் எதுவும் சொல்ல முடியாது. பழைய அளவுகளோடு சேர்த்து உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்தால்தான் கோடு தெரியும். குறைமாதப் பிள்ளை என்றால் இரண்டு வயதுவரை, முன்னதாகப் பிறந்த வாரங்களை வயதிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும்.

உயரம் குறைவு என்று மட்டும் பயப்பட வேண்டாம். இல்லத்தில் கழியும் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஏறத்தாழ ஒரு மாத வளர்ச்சி பின்தங்கும் என்பது இத்துறை மருத்துவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. வீட்டுக்கு வந்தபின் அதில் பெரும்பகுதி எட்டிப் பிடிக்கப்படும். தலைச் சுற்றளவு மிகக் குறைந்திருந்து, அது ஏறாமலும் இருந்தால்தான் மருத்துவர் யோசிப்பார்.

வீடியோ பகல் வெளிச்சத்தில், பத்து நிமிடத்துக்குள். நடப்பது, குனிந்து பொருளை எடுப்பது, கட்டை அடுக்குவது, பின்னாலிருந்து பெயர் சொன்னால் திரும்புகிறதா என்பது, எதையாவது காட்டி உங்களைப் பார்க்கிறதா என்பது. தாய் கருவுற்றிருந்தபோது மது அருந்தினாரா என்ற சந்தேகம் இருந்தால், முகத்தை நேராக, சிரிப்பில்லாமல் ஒரு படம். புருவங்களுக்கு நடுவே அளவு தெரிந்த வட்ட ஸ்டிக்கர் ஒன்று, பொட்டு வைப்பதுபோல. கண்ணின் நீளத்தை அதை வைத்துக் கணக்கிடுவார்கள், மதுவின் பாதிப்பு அதில் தெரியலாம். இந்தப் படங்கள் மருத்துவருக்கு மட்டும். தீர்ப்பு வரும்வரை சமூக ஊடகத்தில் ஒன்றுகூடப் போடாதீர்கள். மற்றப் பிள்ளைகளின் முகம் எப்போதுமே வேண்டாம்.

கேள்வி: மற்றப் பிள்ளைகளுக்கு வெறுங்கையோடு போவதா? நன்கொடை கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும் என்றும் ஒருவர் சொன்னார்.

அந்த ஒருவரின் பேச்சைக் கேட்காதீர்கள். உடன்படிக்கையின் 32-ஆம் பிரிவு செலவையும் நியாயமான ஊதியத்தையும் தவிர வேறு ஆதாயத்தை அனுமதிப்பதில்லை. கட்டணம் எதுவானாலும் முன்கூட்டியே எழுத்தில் சொன்னதாக, அங்கீகாரம் பெற்ற தத்தெடுப்பு அமைப்பு வழியாக, ரசீதோடு இருக்க வேண்டும். வேலை நடக்கும்போது கையில் பணம் கேட்டால் உங்கள் அமைப்பிடமும், தத்தெடுப்பைக் கவனிக்கும் அரசின் மத்திய அதிகார அமைப்பிடமும் சொல்லுங்கள்.

மற்றப் பிள்ளைகளுக்குத் தனித்தனியாக எதையும் நீட்டாதீர்கள். இருபது கைக்குப் பதினெட்டுப் பொம்மை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைக்குக் கொடுத்த புதுச் சட்டையும் நீங்கள் வாசலைத் தாண்டியதும் அதற்கு அடியாகத் திரும்பலாம். டயப்பர், சோப்பு, காய்ச்சல் மருந்து (காலாவதித் தேதி பார்த்து) என்று எது வேண்டும் எனக் கேட்டு நிர்வாகியிடம் கொடுங்கள். 'என்னையும் கூட்டிப்போ' என்று ஒரு பிள்ளை உங்கள் விரலைப் பிடித்தால், அதன் பெயரைக் கேட்டு, இரண்டு வார்த்தை பேசுங்கள். 'அப்புறம் வருகிறேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது எண்ணிக்கொண்டிருக்கும்.

கேள்வி: முதல் நாளே ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு 'அம்மா' என்றாள். மூன்று வயது. நம்பவே முடியவில்லை.

மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதைப் பாசம் என்று கணக்கில் எழுதாதீர்கள். ஆள் மாறி மாறிக் கவனிக்கும் இடத்தில் வளர்ந்த பிள்ளை வருபவர் எல்லோரிடமும் இப்படித்தான் ஓடும். மடியில் ஏற அதற்கு அதுதான் வழி. ருமேனியாவின் புகாரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 பிள்ளைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். பற்றுதல் அங்கே நன்றாகவே வளர்ந்தது, அதுவும் இரண்டு வயதுக்குள் போனவர்களிடம். முன்பின் தெரியாதவரிடம் ஓடும் பழக்கம்தான் மெதுவாகக் குறைந்தது. உங்களைத் தேடி அழுகிறாளா, விழுந்தால் உங்களிடம் வருகிறாளா என்பதைப் பின்னாளில் பாருங்கள்.

கேள்வி: இரண்டு பயணங்களுக்கு நடுவில் பல மாதம். எங்களை மறந்துவிடுவானே?

சின்ன வயதானால் முகம் மங்கத்தான் செய்யும். பத்துப் பன்னிரண்டு படங்களோடு ஒரு சிறு ஆல்பம் செய்யுங்கள். தாள் கிழியாதபடி பிளாஸ்டிக் உறையிட்டு, அடியில் அவன் மொழியில் ஒரு வரி. நீங்கள், வீடு, அவன் கட்டில், நாய் இருந்தால் நாய். பொம்மைக் குவியலைப் படம் பிடித்துப் போடாதீர்கள். நீங்கள் இரண்டு இரவு உடுத்தித் தூங்கிய மெல்லிய துணி ஒன்றையும் விட்டு வாருங்கள். தேதி மட்டும் சொல்லாதீர்கள். நீதிமன்றம் தள்ளிப்போட்டால் பொய் சொன்னவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

கேள்வி: நேரில் பார்த்தால், அறிக்கையில் சொன்னதைவிடப் பிரச்சினை பெரிதாகத் தெரிகிறது. மறுக்கலாமா?

மறுக்கலாம், ஆனால் அங்கேயே, அன்றே வேண்டாம். அளவையும் வீடியோவையும் மருத்துவருக்கு அனுப்பி ஒரு நாள் காத்திருங்கள். முடிவைப் பிள்ளையிடமோ ஆயாவிடமோ அல்ல, உங்கள் அமைப்பிடம் எழுத்தில் சொல்லுங்கள். இவன் வேண்டாமென்றால் பக்கத்து அறையில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று யாராவது சொன்னால், பேச்சை அதோடு நிறுத்தி அதிகாரிகளிடம் தெரிவியுங்கள். பிள்ளையை மாற்றிக் கொடுக்க இல்லத்துக்கு உரிமை கிடையாது.

கேள்வி: கூட்டிவரும் அன்று சொந்தபந்தம் எல்லாம் விமான நிலையத்துக்கு வருவதாகச் சொல்கிறார்கள்.

வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லத்தில் ஆயாவே தன் கையால் உங்கள் கையில் கொடுக்கட்டும், துவைக்காத பழைய போர்வையோடு. முதல் சில வாரம் பால், சோறு, குளியல், தூக்கம் எல்லாம் நீங்கள் இருவர் மட்டும். அதே பவுடர், அதே ரப்பர், அதே நேரம். வழியெல்லாம் சத்தமே போடாமல் இருந்தால் 'எவ்வளவு சமர்த்து' என்று பூரிக்காதீர்கள். பல பிள்ளைகள் பயத்தில் அப்படி உறைந்துபோகும், அழுகை மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ வரும். உறவினர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஹெபடைடிஸ் ஏ (கல்லீரலைத் தாக்கும் தொற்று) பரவலாக உள்ள நாட்டிலிருந்து வரும் பிள்ளை என்றால், நெருங்கிப் பழகப் போகிறவர்கள் பிள்ளை வர இரண்டு வாரம் முன்பே அதற்கான முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளட்டும்.