வீட்டிலேயே மூக்கையும் காதையும் சோதித்து மூளை நலத்தைக் கண்காணிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் எதை முகரக் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். நான் முதல் தடவை அதில்தான் ஏமாந்தேன்.

நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது, முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியவர். ஒருநாள் காரில் போகும்போது முன்னால் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) ஏற்றிய லாரி. அந்த நாற்றம் கண்ணாடியை ஏற்றினாலும் விடாது. நான் மூக்கைப் பொத்த, அப்பா பாட்டுக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்னம்மா ஆச்சு?" என்றார். பழகிப்போன மூக்கு என்று நினைத்தேன். அடுத்த வாரம் அடுப்பில் பால் அடிப்பிடித்துத் தீய்ந்தது. பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கைக்கு அகப்பட்ட கோடாலித் தைலத்தை நீட்டினேன். "தைலம்" என்று பட்டென்று சொன்னார். சரி, மூக்குக்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன். தப்பு. மெந்தால், கற்பூரம் மாதிரி சுரீரென்று ஏறுபவை முகத்துக்கு உணர்ச்சி தரும் ட்ரைஜெமினல் நரம்பையும் தூண்டும். வாசனையே போனவருக்கும் அந்தக் குளிர்ச்சியும் எரிச்சலும் தெரியும். பிறகு கிளினிக்கில் டாக்டர் சொல்லித்தான் இது எனக்குப் புரிந்தது.

இரண்டாவது தடவை காப்பித்தூள், கறிவேப்பிலை, பண்டான் இலை, சந்தன சோப்பு என்று நான்கு டப்பா வைத்தேன். ஒரு நாசியை மூடி மறு நாசியில், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் இடைவெளி விட்டு. "காப்பியா, சீரகமா, சோப்பா, மண்ணெண்ணெயா?" என்று நான்கைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வாசனை தெரிந்தும் பெயர் வாயில் வராமல் போகலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 40 வாசனைச் சோதனையும் இப்படித்தான் கேட்கும். ஆனால் அதில் ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கின் நாற்றமெல்லாம் உண்டு, நம் ஊரில் யாருக்கு அது தெரியும்? அப்பாவுக்கு சோப்பு மட்டும் பிடிபட்டது. காப்பித்தூளை முகர்ந்துவிட்டு, "காலி டப்பாவைக் காட்டுறியா?" என்றார்.

பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே வாசனை குறையலாம்; அல்சைமரிலும் ஆரம்பக் கட்டத்திலேயே குறைவதுண்டு. இதைப் படித்துவிட்டு நான் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. ஆனால் சைனஸ், புகைப்பழக்கம், கோவிட், வெறும் வயது, எதுவானாலும் வாசனை குறையும். பீனட் பட்டரை முகர வைத்தே அல்சைமரைக் கண்டுபிடிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் சோதனையை நம்ப வேண்டாம். 2013இல் ஃப்ளோரிடாவில் சின்ன அளவில் செய்தது. அடுத்த வருடமே பென்சில்வேனியாவில் செய்து பார்த்தபோது அந்த முடிவு வரவில்லை.

அப்பாவுக்கு மூக்கில் சதை வளர்ந்திருந்தது. ஸ்ப்ரே கொடுத்தார்கள். ஞாபகச் சோதனையும் செய்தார்கள், வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது என்றார்கள். இரண்டு மாதத்தில் காப்பி வாசனை லேசாகத் திரும்பியது. கறிவேப்பிலை இன்னும் இல்லை.

என்னைக் கேட்டால் மூக்கைவிடக் காதைத்தான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் அதற்குச் செய்ய வழி இருக்கிறது. லான்செட் என்ற மருத்துவ இதழின் 2024 குழு அறிக்கை, மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 காரணங்களில் கேட்கும் திறன் குறைவதையும் சொல்கிறது. பார்வைக் குறையையும் புதிதாகச் சேர்த்தார்கள். ஒரு கை தூரத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு காதைப் பொத்தச் சொல்லி, மூன்று எண்களைக் கிசுகிசுத்தேன். இடது காதில் அப்பா ஒன்றையும் பிடிக்கவில்லை. இப்போது காதுக் கருவி போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்குக் கேட்ட டிவி இப்போது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

தேதியையும் விடையையும் காலண்டரில் எழுதி வைக்கிறேன், போன மாதத்தோடு ஒப்பிட. அப்புறம் ஒன்று: கசிந்தால் தெரியட்டும் என்றுதான் சமையல் கேஸில் நாற்றம் சேர்க்கிறார்கள். அப்பாவுக்கு அதுவும் தெரியாது என்பதால் ராத்திரி கேஸ் தோம்பை (சிலிண்டரை) நான்தான் அடைக்கிறேன்.